கதவில் ஒட்டிய சீட்டு

வீடு மாறுகிறவர்கள் பழைய வீட்டுக் கதவில், "அடுத்த தெருவுக்குப் போய்விட்டோம்" என்று ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போவதுண்டு. அந்தச் சீட்டினால் கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு குழப்பம் நேரும் என்று சொன்னால் நம்புவீர்களா?

என் சிநேகிதி ஒருத்தி வீட்டில் லினக்ஸ் வைத்திருக்கிறாள். கடைக் கணக்கு, குழந்தைகளின் போட்டோ எல்லாம் அதில்தான். டெபியன் 12-லிருந்து 13-க்கு மாற்றும்போது திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது: '/லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம்' என்ற பழைய டைரக்டரியை நீக்க முடியவில்லை, அது காலியாக இல்லை.

உடனே எனக்குப் போன். "ஏண்டி, அதனால் முடியாததை நானே அழித்துவிடட்டுமா?"

"தொடாதே!" என்று அலறினேன்.

கதை பழையது. 1970களின் தொடக்கத்தில் யூனிக்ஸ் வளர்ந்துவந்தபோது டிஸ்க்குகள் மிகச் சிறியவை. ஒன்று நிரம்பியதும் சாமான்கள் இன்னொன்றில் இருந்த '/யூஎஸ்ஆர்' பக்கம் வழிந்தன. இட நெருக்கடி தீர்ந்த பிறகும் இரட்டைக் குடித்தனம் தீரவில்லை. ஃபெடோரா 2012-ல் இரண்டையும் ஒன்றாக்கிற்று. டெபியனில் 2023-ல் வந்த 12-லிருந்து அது கட்டாயம். இன்று '/லிப்' என்பது '/யூஎஸ்ஆர்/லிப்'புக்கு வழிகாட்டும் ஸிம்லிங்க். அதாவது, கதவில் ஒட்டிய சீட்டு.

2025-ல் வந்த 13-ல் பாக்கேஜ்கள் புது விலாசத்தையே பதிந்துகொண்டன. பழைய விலாசத்தைக் காலி செய்ய 'டிபிகேஜி' போகிறது. சீட்டு அதைப் புது வீட்டுக்கே அழைத்துப் போகிறது! உள்ளே ஆளிருப்பதைக் கண்டு, முடியவில்லை என்று திரும்பிவிடுகிறது. அவ்வளவுதான் எச்சரிக்கை. நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை.

சிநேகிதி அழித்திருந்தால்? யந்திரம் எழுந்திருக்கத் தேவையான ஃபைல்கள் போயிருக்கும். கணக்கும் போட்டோவும் உள்ளே பத்திரமாக இருந்தும், வாசற்கதவு திறக்காது.

இப்படி ஒரு வரி வந்தால் முதலில் 'ரீட்லிங்க் -எஃப்' என்று கேட்டு உண்மையான விலாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு அந்த விலாசத்தைக் கொடுத்து, 'டிபிகேஜி -எஸ்' என்று உரிமையாளரை விசாரியுங்கள். பழைய விலாசத்தைக் கொடுத்தால், அப்படி யாருமில்லை என்று பதில் வரக்கூடும், ஏமாந்துவிடாதீர்கள். தனி டைரக்டரிதான், யாருக்கும் சொந்தமில்லை என்று தெரிந்தால் 'ஆர்எம்டிஐஆர்' போதும். காலியாக இல்லாவிட்டால் அது தொடாது. 'ஆர்எம் -ஆர்எஃப்' பக்கம் மட்டும் போகவே வேண்டாம்; அது யாரையும் விசாரிக்காது.

சிநேகிதி எச்சரிக்கையை அப்படியே விட்டாள். யந்திரத்தை நிறுத்தித் திரும்பப் போட்டாள். கடைக் கணக்கு வழக்கம்போல் திறந்தது.

'முடியவில்லை' என்பதெல்லாம் இயலாமை அல்ல. சில சமயம் அதுதான் நல்ல புத்தி!