இரண்டு கடிதமும் நான்கு தபாலட்டையும்

போர்முனையில் நிற்கும் மகனுக்குத் தாய் அனுப்பும் பொதியை ஏளனம் செய்பவன் மனிதன் அல்லன். இதனை முதலிலேயே சொல்லிவிடுதல் நன்று. ஏனெனில், இக்கட்டுரையின் பிற்பகுதியைப் பிடித்துக்கொண்டு, தென்னிலங்கைத் தாய் தன் சிப்பாய் மகனுக்கு அனுப்பும் கொக்கிசுக்கும் கெவுமுக்கும் நாம் பகைவர் என எவரேனும் திரித்துக் கூற முற்படக்கூடும். காரைநகர்க் கடற்படைத் தளத்திலோ நெடுந்தீவுக் கரையிலோ காவல் நிற்கும் அப்பையனும், பெரும்பாலும், மொனராகலையிலோ அநுராதபுரத்திலோ வயல் பொய்த்த ஒரு கமக்காரனின் மகனே. (அக்காரைநகர்த் தளத்துக்கு ‘எலாரா’ என்று எல்லாள மன்னனின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். பெயரளவிலேனும் தமிழனுக்குக் கடற்படையில் ஓரிடம் கிடைத்ததே!)

படைவீரனுக்குப் பொதி அனுப்பும் வழக்கம் உலகெங்கும் உண்டு. 1914 ஆம் ஆண்டு நத்தாருக்கு இங்கிலாந்தின் இளவரசி மேரியின் பெயரால் பித்தளைப் பெட்டிகள் போர்முனைக்குப் போயின. வெள்ளைச் சிப்பாய்க்குப் புகையிலை. இந்தியச் சிப்பாய்கள் பலருக்குக் கற்கண்டும் மசாலாவும். அவனவன் நாவுக்கு ஏற்றது எது என்று அந்த ஏகாதிபத்தியமும் எண்ணிப் பார்த்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் நடந்தது இன்னும் சிறப்பானது. அமெரிக்கப் படைக்கென அடைத்து வைத்திருந்த உணவுப் பெட்டிகள் மிஞ்சிக் கிடந்தன. அவற்றை ‘கெயர்’ என்னும் அமைப்பு வாங்கி, பசித்திருந்த ஐரோப்பியக் குடும்பங்களுக்கு அனுப்பியது. 1946 மே மாதம் முதற்றொகுதி பிரான்சின் லெ ஆவ்ர் துறைமுகத்தில் இறங்கியது. சிப்பாயின் சோறு குடிமகனின் சோறாயிற்று.

நம் நாட்டிலும் படைவீரர் நலனுக்குக் குறைவில்லை. 1999 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் ரணவிரு சேவா அதிகாரசபையை நிறுவியது. 2008 இல் ‘அபி வெனுவென் அபி’ நிதியம் சட்டத்தினாலேயே அமைக்கப்பட்டது. இவற்றின் மேல் நமக்கு வழக்கில்லை. அதே அரசின் கையில் அகப்பட்ட தமிழ்ப் பிள்ளைக்குத் தாயின் கடிதம் எந்தச் சட்டத்தின்கீழ் போய்ச் சேருகிறது என்பதே நம் வினா.

1949 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகளை எடுத்துப் பாருங்கள். மூன்றாம் உடன்படிக்கையின் 71 ஆம் உறுப்புரை, பிடிபட்ட எதிரிச் சிப்பாய் மாதந்தோறும் குறைந்தது இரண்டு கடிதங்களும் நான்கு தபாலட்டைகளும் எழுத உரிமையுடையவன் என்கிறது. உணவும் உடையும் மருந்தும் நூலும் கொண்ட பொதிகளைப் பெறுதற்கு 72 ஆம் உறுப்புரை வழிசெய்கிறது. இவற்றுக்குத் தபாற்கட்டணமும் இல்லை என்பது 74 ஆம் உறுப்புரை. நான்காம் உடன்படிக்கையின் 25 ஆம் உறுப்புரையோ, போரின் உச்சத்தில் கடிதங்களைக் கட்டுப்படுத்தியே ஆகவேண்டுமாயினும், தாமே தெரிந்த 25 சொற்களை மாதம் ஒருமுறையாவது எழுத விடவேண்டும் என்கிறது. 25 சொற்கள்! ‘நலம். அப்பாவுக்குச் சுகம். தங்கைக்குத் திருமணம் பேசுகிறோம்’ என்று எழுத அதுவே போதும்.

இனி 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவுக்கு வாருங்கள். ஒருவரை அமைச்சர் தீர்மானிக்கும் இடத்தில், அமைச்சர் தீர்மானிக்கும் நிபந்தனைகளுக்கு அமைய, முதலில் 18 மாதங்கள் வரையும், 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் 12 மாதங்கள் வரையும் தடுத்து வைக்க அப்பிரிவு இடங்கொடுத்தது. கடிதம் பற்றி அப்பிரிவில் ஒரு சொல் இல்லை. தாயின் எழுத்து மகனைச் சேருமா என்பது அமைச்சரின் நிபந்தனையில் அடங்கிவிட்டது. ஆகவே, இந்நாட்டின் மேல் படையெடுத்து வந்து பிடிபடும் அந்நியச் சிப்பாய்க்கு இரண்டு கடிதமும் நான்கு தபாலட்டையும் உரிமை. வேலணையிலோ புங்குடுதீவிலோ பிறந்து, இந்நாட்டின் அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருந்த இளைஞனுக்கு அதுவுமில்லை. குடிமகனாயிருப்பதைவிடப் பகைவனாயிருப்பது மேல் என்று ஒரு சட்டம் சொல்லுமாயின், அச்சட்டத்தை என்னென்பது?

அரசாங்கத் தரப்பு வழக்கறிஞர் எழுந்து, “அவ்வுடன்படிக்கைகள் நாடுகளுக்கிடையிலான போருக்கு உரியவை” என்பார். ஓரளவு உண்மை. உள்நாட்டுப் போருக்குரிய பொதுவான 3 ஆம் உறுப்புரையில் கடிதம் பற்றிய பேச்சே இல்லை. ஆனால் 1977 ஆம் ஆண்டின் இரண்டாம் மேலதிக நெறிமுறையின் 5 ஆம் உறுப்புரை, உள்நாட்டுப் போரில் தடுத்து வைக்கப்பட்டோரும் கடிதங்களை அனுப்பவும் பெறவும் விடப்படவேண்டும் எனத் தெளிவாகவே விதித்தது. அந்நெறிமுறையில் இலங்கை சேரவில்லை. சேராததையே கேடயமாகப் பிடிப்பது, கடன் பத்திரத்தில் கையொப்பமிட மறுத்தவன் ‘நான் கடனாளி அல்லன்’ என்று நியாயம் பேசுவதை ஒக்கும்.

கடிதம் அறுந்தால் ஒரு வீடு என்னவாகும் என்பதைத் தீவக மக்களுக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. 1942 பெப்ரவரி 15 ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்ததும் மலாயாவிலிருந்து வந்துகொண்டிருந்த கடிதமும் காசுக்கட்டளையும் ஒருங்கே நின்றன. கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் எழுதுவினைஞராயிருந்தோரின் மனைவியர், கணவன் இருக்கிறானா இல்லையா என்றறியாது மூன்றரை ஆண்டுகள் தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தனர். அதுவோ யப்பானியர் செய்தது. 1990 ஓகஸ்டில் தீவகம் இராணுவத்தின் வசமானபின், பண்ணைக் கடலுக்கு இப்பால் ஓர் ஆட்சி, அப்பால் ஓர் ஆட்சி என்றாயிற்று. தாய் வேலணையில், மகன் யாழ்ப்பாண நகரில். இடையில் சில கல் தொலைவு. குடும்பச் செய்தி மட்டும் எழுதிய திறந்த கடிதத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்தார் கொண்டு கொடுப்பதே அந்நாளில் அச்சமற்ற வழி. மின்கல அடுக்கும் யூரியாவும் சீமெந்தும் குடாநாட்டுக்குத் தடைசெய்யப்பட்ட காலம் அது. ஜாம் போத்தல் விளக்கின் ஒளியில் படித்த கடிதங்களை இன்றும் தகரப்பெட்டியில் பேணி வைத்திருக்கும் வீடுகள் பல.

அதே 1990 ஓகஸ்டில் மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞரிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. ஆணைக்குழுக்கள் வந்தன, 2016 இல் காணாமற் போனோர் அலுவலகத்துக்குச் சட்டம் வந்தது, 2018 இல் வலிந்து காணாமலாக்கப்படுவதற்கு எதிரான சட்டமும் வந்தது. 2017 பெப்ரவரியில் வன்னித் தாய்மார் தெருவில் அமர்ந்ததும் இதற்காகவே. முதல் நாளே அவ்விளைஞர்கள் 25 சொற்கள் எழுதியிருப்பின் எவர் கையில் இருந்தனர் என்பதற்கு அதுவே சான்றாயிருக்கும். எழுதவிடாமைக்கு அதுவே காரணமும் ஆகலாம். கைதியின் கடிதம் ஆறுதல் மட்டுமன்று. அவன் உயிரோடிருக்கிறான், இன்னாரிடம் இருக்கிறான் என்பதற்குத் திகதியிட்ட பத்திரம்.

கடிதத்தைக் கொண்டு செல்பவனே ஆள்கிறான் என்பதை நம் தலைவர்கள் அறிந்திருந்தனர். 1961 ஏப்ரல் 14 ஆம் நாள் தந்தை செல்வநாயகம் தமிழரசுத் தபாற்சேவையைத் தொடக்கி முத்திரை விற்றார். மூன்றாம் நாள் அவசரகாலச் சட்டம் வந்தது. தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமில் அடைக்கப்பட்டனர். ஒரு சிறு முத்திரைக்கு இத்துணை அஞ்சிய அரசு, கடிதத்தின் வலிமையை நம்மிலும் நன்கறிந்திருந்தது எனலாம்.

இன்று தீவகத்தில் பொதி தலைகீழாக நடக்கிறது. மக்கள் படைக்கு அனுப்புவதற்குப் பதிலாகப் படை மக்களுக்குக் கொடுக்கிறது. புத்தகப் பையும் உலர் உணவும் சீருடையினர் கையால் வருகின்றன, பிள்ளைகள் வரிசையில் நிற்கின்றனர், படம் பிடிக்கப்படுகிறது. வறிய தாய் அதனை வாங்குவதில் குற்றமில்லை. ஆனால் அப்பை பாடசாலை வழியாகவும், அவ்வுணவு பிரதேச செயலகம் வழியாகவும் வரவேண்டியவை. உரிமையாய் வரவேண்டியது கொடையாய் வரும்போது, மண்டைதீவில் கடற்படைக்குக் காணி அளக்க வந்தோரை மறித்து நின்ற மக்களின் வாயை அடைக்கவும் அது உதவும்.

நம்மவரையும் ஒரு சொல் கேட்கவேண்டும். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் நம் தீவுகளின் பெயரால் சங்கங்கள் உள. கோயிலுக்குக் கோபுரமும் மணிமண்டபமும் எழுகின்றன, எழட்டும். சிறையிலிருக்கும் தம்மூர்ப் பிள்ளைக்கு மாதம் ஒரு பொதி அனுப்புவதற்கு அச்சங்கங்களில் எத்தனை நிதி ஒதுக்கியுள்ளன? நெடுந்தீவுத் தாயொருத்தி கொழும்புச் சிறையில் மகனைக் காணவேண்டின், விடியற்காலை வள்ளத்தில் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பேருந்தில் யாழ்ப்பாணம் சேர்ந்து, மேலும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் போகவேண்டும். சோளகக் காற்றில் கடல் எழுந்தால் அந்நாளும் இல்லை. இத்தனைக்குப் பின் அவள் மடியிலுள்ள புழுக்கொடியலும் பனங்கட்டியும் உள்ளே போவது வாசலில் நிற்பவரின் மனத்தைப் பொறுத்தது. விடுதலையானோர் பலராயினும், விடுதலை காணாதோரும் உளர். ஊருக்கு ஒரு வழக்கறிஞரும் ஓர் ஆசிரியரும் இரு கமக்காரரும் சேர்ந்தால் போதும். கடிதம் எழுதத் தெரியாத தாய்க்கு எழுதிக் கொடுத்து, பொதியைத் தபாற்கந்தோரில் பதிவுசெய்து, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தலாம். பற்றுச்சீட்டு முக்கியம், சேரவில்லை என்று நீதிமன்றில் சொல்ல அதுவே கருவி.

பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு மாற்றாக 2018 இலும் 2023 இலும் மசோதாக்கள் வந்தன. இத்தகைய மசோதா எது வந்தாலும் நம் பாராளுமன்ற உறுப்பினர் அதில் சேர்க்கக் கோரவேண்டிய பிரிவை இங்கே எழுதிவைக்கிறேன். இதனிலும் நன்றாக எழுத வல்லார் திருத்துக:

“எச்சட்டத்தின்கீழ் தடுத்து வைக்கப்பட்ட எவரும், தடுத்து வைக்கப்பட்ட 48 மணித்தியாலத்துள், தாம் இருக்கும் இடத்தைத் தெரிவித்துத் தம் குடும்பத்துக்குத் தம் கைப்படத் தம் மொழியில் எழுதவும், அதன்பின் மாதந்தோறும் இரண்டு கடிதங்களுக்கும் நான்கு தபாலட்டைகளுக்கும் குறையாது அனுப்பவும், கடிதங்களையும் பொதிகளையும் பெறவும் உரிமையுடையவராவர். தடுத்து வைக்கப்படும் ஒவ்வோர் கடிதத்துக்கும் பொதிக்கும் எழுத்திற் காரணம் கூறப்படுதல் வேண்டும். அக்காரணம் நீதவானால் ஆராயப்படத்தக்கதாகும்.”