குற்றம் கம்ப்யூட்டர் மேலயா?



நம்ம நூலகப் பதிவேட்டை ஆய்வகக் கம்ப்யூட்டரில் ஏத்தினோம் இல்லையா? புத்தகப் பட்டியல் 8,000 வரி. யார் எதை எடுத்தார்கள் என்ற இரவல் பட்டியல் 20,000 வரி. “இதுவரை யாருமே எடுக்காத புத்தகம் எது?” என்று நூலக ஆசிரியர் கேட்டார். கேள்வியைக் கொடுத்தோம். திரை அப்படியே நின்னு போச்சு. “சார், இது பழைய மெஷின், புதுசு வாங்கணும்” என்றோம். நானும்தான் சொன்னேன்.

அது தப்பு என்பதே இப்போது என் கருத்து.

ஒவ்வொரு புத்தக எண்ணையும் இரவல் பட்டியலின் முதல் வரியிலிருந்து தேட வைத்திருந்தோம். யாரும் எடுக்காத புத்தகம்னா கடைசி வரி வரை போகணும். 8,000 தடவை 20,000 வரி என்றால் 16 கோடி வரை ஒப்பிட வேண்டும். பாவம், மெஷின் என்ன செய்யும்?

பிறகு இரவல் பட்டியலில் புத்தக எண்ணுக்கு ஒரு இன்டெக்ஸ் போட்டோம். ஒரே ஒரு வரிக் கட்டளைதான். எண்களை வரிசைப்படுத்தி, எது எந்த வரியில் இருக்கு என்று குறித்து வைக்கும் தனிப் பட்டியல் அது. வரிசையாக இருந்தால் பாதி பாதியாக ஒதுக்கித் தேடலாம். 20,000 வரிக்கு 15 படி போதும். மொத்தம் 1,20,000 படிதான்! நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் பதில் வந்துவிட்டது.

இந்த யோசனை நமக்குப் புதுசா? வீரமாமுனிவர் 1732-ல் சதுரகராதியில் சொற்களை அகர வரிசையில் அடுக்கினார். அதையும் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பிரித்தார். பொருள் தேடுபவருக்கு ஒரு பகுதி, எதுகை தேடுபவருக்கு வேறொரு பகுதி. கேட்கும் கேள்விக்கு ஏற்ற வரிசை!

“அப்போ எல்லாத்துக்கும் இன்டெக்ஸ் போட்டுடலாமே?” என்றான் நண்பன். கூடாதுடா. ஒரு புத்தகம் இரவல் போனால் அத்தனை இன்டெக்ஸிலும் எழுதணும். பதிவு செய்யும் வேலை மெதுவாகும், இடமும் அடைக்கும். அடிக்கடி எதைக் கேட்கிறோமோ அதற்கு மட்டும் போட்டால் போதும். தலைப்பின் கடைசிச் சொல்லை மட்டும் வைத்துத் தேடினால், தலைப்பு இன்டெக்ஸ் இருந்தும் பிரயோஜனமில்லை. அகராதியில் கடைசி எழுத்தை வைத்துத் தேட முடியுமா?

ஆகவே, புது மெஷினுக்குப் பணம் கேட்கும் முன் தேடும் முறையைச் சரிபார்ப்போம். அந்தப் பணத்தில் புத்தகம் வாங்கலாமே!

யாரும் எடுக்காத புத்தகங்களின் பட்டியல் நூலக வாசலில் ஒட்டியிருக்கிறது. ஆளுக்கு ஒன்று எடுத்து அதைச் சின்னதாக்குவோமா?

– பன்னிரண்டாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு