நாற்பது பக்க ‘வெட்டிப்பேச்சு’

சென்ற வாரம் கூடிய ஆய்வு முன்னேற்றக் குழு, என் ஆய்வேட்டின் நான்காம் இயலிலிருந்து நாற்பது பக்கங்களை நீக்கிவிடுமாறு பணித்திருக்கிறது. தரவுத்தள நிர்வாகிகள் தேநீர் வேளையில் பேசிக்கொண்டவற்றின் பதிவு அது. புதிதாக வெளியான மென்பொருள் பதிப்புகளைப் பற்றியும், புல்தரையில் மண்டிய களைகளைப் பற்றியும் அவர்கள் பேசியவை. குழு ஆங்கிலத்தில் விரித்துரைத்த காரணத்தைத் தமிழில் சொல்வதானால் ஒரு சொல் போதும்: வெட்டிப்பேச்சு. அந்தச் சொல்லை மறுக்கவே இதை எழுதுகிறேன். நீண்ட பதிவுதான். ஆய்வு மாணவர்களும் அவர்களை நெறிப்படுத்துவோரும் இறுதிவரை படிக்க வேண்டுகிறேன்.

நான் புனேயில் தொழில்நுட்பச் சமூகவியல் ஆய்வு செய்பவன். களப்பணிக்காக ஒரு கல்வி நிறுவனத்தின் கணினி மையத்தில் பதினான்கு மாதங்கள் இருந்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. மாணவர் சேர்க்கை, தேர்வு, கட்டணம், உதவித்தொகை ஆகிய அனைத்தின் தரவுகளையும் அங்கே நால்வர் காத்துவந்தனர். அவர்களுள் மூவர் ஒப்பந்தப் பணியாளர். மாலை நான்கு மணிக்கு மையத்தின் பின்புறமுள்ள சிறு புல்தரையின் ஓரத்தில் தேநீருடன் நிற்பார்கள். புல்தரையைப் பேணும் முதியவரும் உடன் வந்து நிற்பார். மராத்தியில் சிற்றப்பனைக் குறிக்கும் ‘காகா’ என்னும் சொல்லாலேயே அனைவரும் அவரை அழைத்தனர். அவரும் ஒப்பந்தப் பணியாளரே.

அவர்களுடைய பேச்சில் பதிப்பும் களையும் ஏன் ஒன்றாகக் கலந்தன என்பது எனக்கு முதலில் விளங்கவில்லை. காரணம் எளியது. அங்கே பயன்பட்ட போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தள மென்பொருளின் பெரும்பதிப்பு ஆண்டுக்கு ஒன்று, வழக்கமாகச் செப்டம்பரிலோ அக்டோபரிலோ வெளியாகும். ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டுகள் ஆதரவு உண்டு. அதன்பின் பாதுகாப்புத் திருத்தங்கள் வாரா. புனேயில் பருவமழை ஓய்ந்து களைகள் மண்டுகிற காலமும் அதுவே. 2024 செப்டம்பர் 26 அன்று 17ஆம் பதிப்பு வெளிவந்தது. அங்கே ஓடிக்கொண்டிருந்ததோ 12ஆம் பதிப்பு. அதன் ஆதரவு நவம்பரில் முடியவிருந்தது. புதியதை உடனே நிறுவிவிடலாமா என்று இளையவர் ஒருவர் கேட்டார். “நேற்றுப் பதித்த புல்லின்மேல் இன்றே நடப்பாயா?” என்று மூத்தவர் திருப்பிக் கேட்டார். முதல் திருத்த வெளியீடு வரட்டும், அதன்பின் சோதனைக் கணினியில் ஓட்டிப் பார்ப்போம் என்பது அதன் பொருள். காகாவே முதலில் சிரித்தார்.

அதே வாரத்தில் மூத்தவர் இன்னொன்றும் சொன்னார்: “நம் உதவித்தொகை அட்டவணையில் கோரை புகுந்துவிட்டது, காகா. மேலாக வெட்டிக்கொண்டே இருக்கிறோம்.” எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றிரவு அந்த வரியைக் களக்குறிப்பேட்டில் ‘பிற’ என்னும் பகுப்பின்கீழ் எழுதி, அருகில் ‘முக்கியமன்று’ என்றும் குறித்தேன்.

அக்டோபர் இறுதியில், உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாள் பிற்பகலில், அந்தத் தரவுத்தளம் புதிய பதிவுகளை ஏற்க மறுத்தது. சேமிப்பு வட்டு நிரம்பிவிட்டது. கணினி மையத்தின் வாசலில் மாணவர்கள் குவிந்தனர். தம் குடும்பத்தில் முதன்முதலாக உயர்கல்விக்கு வந்தவர்கள் அவர்களுள் பலர். கடைசி நாள்வரை ஏன் காத்திருந்தீர்கள் என்று அலுவலகம் அவர்களையே கடிந்துகொண்டது. நால்வரும் நள்ளிரவு கடந்தும் உழைத்துச் சரிசெய்தார்கள். அதற்குள் கெடு முடிந்திருந்தது. சிலருக்குப் பின்னர் வழி பிறந்தது, சிலருக்குப் பிறக்கவில்லை.

நடந்தது என்ன என்பதை விளக்க வேண்டும். போஸ்ட்கிரஸில் ஒரு பதிவைத் திருத்தினால் பழைய வரி உடனே அழிவதில்லை. புதிய வரி ஒன்று எழுதப்படும்; பழையது செத்த வரியாக அங்கேயே கிடக்கும். ‘வேக்குவம்’ என்னும் துப்புரவுச் செயல் வந்து அந்த இடத்தை மறுபயன்பாட்டுக்கு விடுவிக்கும். ஆனால், எங்கோ ஒரு பரிவர்த்தனை தொடங்கப்பட்டு முடிக்கப்படாமல் திறந்தே கிடந்தால், அதற்குப்பின் செத்த வரிகளைத் துப்புரவு தொடாது. அந்தப் பழைய பரிவர்த்தனை அவற்றை இன்னும் பார்க்க நேரலாம் என்பதே காரணம். துப்புரவு தவறாமல் வரும், வெறுங்கையுடன் திரும்பும், அட்டவணை ஊதிக்கொண்டே போகும். கோரையின் இயல்பும் இதுவே. தழையை வெட்டினால் ஓரிரு நாள் தரை தூய்மையாகத் தோன்றும். மண்ணுக்கடியில் சங்கிலியாய்க் கோத்திருக்கும் கிழங்குகள் மீண்டும் முளைவிடும். லீராய் ஹோமும் அவருடைய சகாக்களும் 1977இல் வெளியிட்ட, உலகின் கொடிய களைகளைப் பற்றிய நூல், முதலிடத்தைக் கோரைக்கே தந்தது.

ஆக, மூத்தவர் சொன்னது ஒரு நோய்க்கணிப்பு. நோய் எது, அதன் வேர் எங்கே, இதுவரை செய்த மருத்துவம் ஏன் பலிக்கவில்லை என்னும் மூன்றும் அந்த ஒரு வரியில் அடங்கியிருந்தன. இளையவருக்கு அது விளங்கியது. காகாவுக்கும் விளங்கியது. விளங்காதவன் ஆய்வாளனாகிய நான் ஒருவனே. குழு இன்று செய்யும் பிழையை ஓராண்டுக்கு முன்பே நான் செய்துவிட்டேன் என்பதால்தான் அதன் விலை எனக்குத் தெரிகிறது.

அறிந்திருந்தால் எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டியதுதானே என்று குழுவில் ஒருவர் கேட்டார். தெரிவித்தார்கள். அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து வைத்திருந்தது வெளி ஒப்பந்ததாரர் ஒருவரின் அறிக்கை மென்பொருள். அதை இடைநிறுத்த இவர்களுக்கு அதிகாரம் இல்லை. அனுமதி வேண்டிச் செப்டம்பரிலேயே கடிதம் எழுதினார்கள். ஒப்பந்தப் பணியாளரின் கடிதம் மூன்று மேசைகளைக் கடக்க வேண்டும். அது இரண்டாம் மேசையில் நின்றுவிட்டது. நகைச்சுவைக்கு மட்டுமே எவருடைய கையொப்பமும் தேவைப்படவில்லை. கோப்பில் இடம்பெறாத உண்மை புல்தரைக்கு வந்து சேர்ந்தது. அதையும் ஆய்வேட்டிலிருந்து அகற்றச் சொல்வது, அந்தக் கடிதத்தை இரண்டாம் முறை நிறுத்தி வைப்பதாகும்.

இத்தகைய முடக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. போஸ்ட்கிரஸின் துப்புரவு பின்தங்கி, பரிவர்த்தனை எண்கள் தீரும் நிலை வந்ததால் 2015 ஜூலையில் சென்ட்ரியின் சேவையும், 2019 பிப்ரவரியில் மெயில்சிம்பின் மேண்ட்ரில் சேவையும் முடங்கின. இரண்டு நிறுவனங்களும் நடந்ததைத் தாமே எழுதி வெளியிட்டன. நான் இருந்த நிறுவனத்தின் கோப்பிலோ இரண்டே சொற்கள் பதிவாயின: தொழில்நுட்பக் கோளாறு.

‘வெட்டிப்பேச்சு’ என்னும் தீர்ப்பை வழங்கியவர்கள் தம் துறையின் வரலாற்றையாவது நினைவுகூர்ந்திருக்கலாம். பொருளைத் தெரிவிப்பதைவிட உறவைப் பேணுவதற்காகவே பேசப்படும் பேச்சை மாலினோவ்ஸ்கி 1923இலேயே ஆய்வுப்பொருளாக ஏற்றார். ஜெராக்ஸ் நிறுவனத்தின் நகலெடுக்கும் கருவிகளைப் பழுதுபார்ப்போரைப் பின்தொடர்ந்து ஆராய்ந்த ஜூலியன் ஓர், 1996இல் வெளிவந்த தம் நூலில் இன்னும் ஒரு படி முன்னே சென்றார். கையேடு கைவிடும் இடத்தில், உணவு வேளையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் கதைகளின் வழியாகவே அவர்கள் பழுதைக் கண்டறிகிறார்கள் என்று காட்டினார். இவ்விருவரையும் முதல் பருவத்திலேயே நமக்குக் கற்பிக்கிறார்கள். நம் வளாகத்து மனிதர்கள் பேசும்போது மட்டும் அது அரட்டையாகிவிடுகிறது.

சிக்கலின் வேர் பேச்சைப் பற்றிய இகழ்ச்சியோடு நிற்கவில்லை; பராமரிப்பைப் பற்றிய இகழ்ச்சியில் இருக்கிறது. இதற்குப் போஸ்ட்கிரஸின் வரலாறே சான்று. அது பிறந்தது பல்கலைக்கழகத்தில்தான். பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 1986இல் தொடங்கிய திட்டம் அது. பயன்படுத்துவோர் பெருகப் பெருக, பராமரிப்பும் உதவியும் ஆய்வுக்குரிய நேரத்தைத் தின்றன. ஆகவே 4.2 என்னும் பதிப்போடு பெர்க்லி அத்திட்டத்தை முடித்துக்கொண்டது. அதன்பின் இரு மாணவர்கள் 1994இல் அதை எடுத்துத் திருத்தினார்கள். 1996 முதல் இன்றைய பெயரில் உலகெங்குமுள்ள தன்னார்வலர்களும் பொறியாளர்களும் அதை வளர்த்துவருகிறார்கள். படைத்த பல்கலைக்கழகம் சுமை என்று இறக்கி வைத்ததை, பேணியவர்கள் வாழவைத்தார்கள். ஸ்டோன்பிரேக்கருக்கு 2014ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது, தகுதியான விருதுதான். முப்பதாண்டுகளாகச் செத்த வரிகளைத் துப்புரவு செய்யும் நிரலைச் செம்மைப்படுத்தியோருக்கு எந்த அவையில் மாலை? நம் பாடத்திட்டத்திலும் இதே ஏற்றத்தாழ்வுதான். எட்கர் காட் 1970இல் முன்வைத்த உறவுநிலை மாதிரி முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறது, வரவும் வேண்டும். ஆனால் ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்கு உயிருள்ள தரவுகளை இழப்பின்றிக் கொண்டுசெல்வது எப்படி என்பதை நான் அறிந்த எந்த வகுப்பும் கற்பிக்கவில்லை.

புல்லைப் பற்றிப் பேசியதெல்லாம் ஆய்வாகுமா என்றும் ஒரு கேலி எழுந்தது. புனேயில் அமர்ந்துகொண்டு அதைக் கேட்டிருக்கக் கூடாது. பார்த்தீனியம் இந்தியாவில் ஒரு தொல்லையாகக் கவனத்துக்கு வந்தது 1950களின் நடுப்பகுதியில், இதே புனேயில். இறக்குமதிக் கோதுமையோடு அதன் விதையும் வந்தது என்பது பரவலான கருத்து. யாரும் பொருட்படுத்தாத அந்தச் செடி, தரிசுகளையும் சாலையோரங்களையும் பிடித்துக்கொண்டு, தொட்டவர்க்குத் தோல் அழற்சியும் மகரந்தத்தை மூச்சில் இழுத்தவர்க்கு ஒவ்வாமையும் தந்தது. அதைத் தின்னும் வண்டினத்தை மெக்சிகோவிலிருந்து வரவழைத்து, 1984இல் பெங்களூரில் திறந்தவெளியில் விட வேண்டியதாயிற்று. களை ஆராய்ச்சிக்கென்றே ஜபல்பூரில் ஓர் இயக்ககம் இயங்குகிறது. களையைப் பற்றிய பேச்சு அற்பமானதென்றால், அவ்வளவு பெரிய ஏற்பாடு எதற்கு? காகா போன்றவர்களே அதை நாள்தோறும் வெறுங்கையால் பிடுங்குபவர்கள். எந்தச் செடி எந்த மழைக்குப் பின் வரும் என்று அவர் சொல்லக் கேட்டவை என் நாற்பது பக்கங்களில் உள்ளன.

மறுபக்கத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன். புல்தரைப் பேச்சு எல்லாருக்கும் திறந்த அவையாக இருந்ததில்லை. நால்வருள் ஒருவரான பெண் நிர்வாகி பெரும்பாலும் தம் இருக்கையிலேயே தேநீர் அருந்தினார். அங்கே புழங்கிய சில நகைச்சுவைகளே அதற்குக் காரணம் என்று என்னிடம் சொன்னார். கோரை பற்றிய எச்சரிக்கை அவரை எட்டவில்லை. முறையான வழி அடைபட்டு, அறிவு அரட்டையை மட்டுமே நம்பி நிற்கும்போது, அரட்டையில் சேராதவர் அறிவிலிருந்தும் விலக்கப்படுகிறார். ஆகவே நான் அரட்டைக்குப் புகழ்மாலை சூட்டவில்லை. அந்த அறிவு ஏன் புல்தரையோரத்தில் நிற்க நேர்ந்தது என்று கேட்கிறேன். பக்கங்களை நீக்கிவிட்டால் அந்தக் கேள்வியும் நீங்கிவிடும்.

அருகம்புல் புல்தரையில் புல்; வயலில் களை; பிள்ளையார் முன் வழிபாட்டுப் பொருள். செடி ஒன்றே, நிற்கும் இடத்தைக் கொண்டு நாம் பெயரிடுகிறோம். கருத்தரங்க மேடையில் பேராசிரியர் சொல்லும் உவமை ‘கருத்தாக்கம்’ ஆகிறது. அதே உவமையை ஒப்பந்தப் பணியாளர் தேநீருடன் சொன்னால் வெட்டிப்பேச்சாகிறது.

நான் கோருபவை மூன்று. தரவுத்தளத்தைக் காப்போரின் எச்சரிக்கைக்கு, அவர் நிரந்தரப் பணியாளரோ ஒப்பந்தப் பணியாளரோ, குறித்த நாட்களுக்குள் எழுத்தில் விடை தரப்பட வேண்டும். மாணவர் தரவு தொடர்பான குழுக்களில் அவர்களுள் ஒருவருக்கு இருக்கை வேண்டும். தரவுத்தளப் பாடத்தில் பதிப்புமாற்றமும் துப்புரவும் மீட்டெடுப்பும் செய்முறையாகக் கற்பிக்கப்பட வேண்டும்.

நாற்பது பக்கங்களை நான் நீக்கப்போவதில்லை. ஒரே ஒரு திருத்தம் செய்திருக்கிறேன். ‘பிற’ என்னும் பகுப்பிலிருந்த அந்தக் கோரை வரியை எடுத்து, இயலின் முதல் வரியாக வைத்திருக்கிறேன். குழு அடுத்த மாதம் மீண்டும் கூடுகிறது.