தையல் மூலைக்கு ஒரு சுவர்

 

சமையலுக்குக் குசினி இருக்கிறது. முஸல்லா விரிக்க ஒரு மூலை இருக்கிறது. பிள்ளைகளின் கொப்பி, புத்தகங்களுக்கு ஒரு மேசை இருக்கிறது. ஆனால் வீட்டிலே தையல் தைக்கும் பெண்ணின் சாமான்கள் எங்கே இருக்கின்றன? மெஷின் கட்டில் ஓரத்தில், கத்தரிக்கோல் அலுமாரியின் மேல், நூற்கட்டைகள் பிஸ்கட் டின்னுக்குள், பொத்தான்கள் பழைய போத்தலுக்குள், வெட்டி வைத்த துணி தலையணைக்குக் கீழே! ஒரு சட்டை தைக்க ஒரு மணித்தியாலம் என்றால், சாமான்களைத் தேடி எடுக்க அரை மணித்தியாலம். விருந்தாளி வந்துவிட்டால் எல்லாவற்றையும் சுருட்டி மறுபடியும் கட்டிலுக்குக் கீழே தள்ள வேண்டும்.

பாடசாலையில் பிள்ளைகளின் படிவங்களை நிரப்பும்போது தாய்மாரிடம் தொழில் என்னவென்று கேட்பது வழக்கம். "சும்மாதான் ஊட்டுல ஈக்கிறேன் மௌலவி" என்று பதில் வரும். அந்தச் சகோதரிதான் சீருடைத் துணி கொடுக்கும் பருவத்தில் அரைத் தெருவுக்குத் தைத்துக் கொடுப்பவராக இருப்பார். சும்மா இருப்பவர் ஏன் இரவு பன்னிரண்டு மணிக்கும் மெஷின் மிதிக்கிறார்? வேலைக்கென்று ஓர் இடம் இல்லாதபோது அது வேலையாகவே கணக்கில் வருவதில்லை. வீட்டாரும் மதிப்பதில்லை, செய்பவருக்கே அது வேலை என்ற எண்ணம் வருவதில்லை.

கைத்தொழில் நம் பெண்களுக்குப் புதியதல்ல. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோல் பதனிட்டு, தைத்து, அதில் கிடைத்ததைத் தருமம் செய்தவர்கள் என்பதை நாம் அறிவோம். நபி (ஸல்) அவர்களும் தம் உடையைத் தாமே தைத்துக் கொண்டவர்கள். நமது நாட்டில் சிங்கர் நிறுவனம் கடை திறந்தது 1877ஆம் ஆண்டில். அதன் பிறகு தையல் மெஷின் மெல்ல மெல்லச் சீதனச் சாமான்களில் ஒன்றாகவே ஆகிவிட்டது. மாவனல்லை, ஹெம்மாத்தகம, கன்னத்தோட்டை, பலாங்கொடை, இறக்குவானை என்று நம்மவர்கள் வாழும் ஊர்களில் மெஷின் சத்தம் கேட்காத தெரு உண்டா?

"மௌலவி, எங்கள் வீட்டில் தனி அறைக்கு இடம் ஏது?" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. பலர் கடைக்குப் பின்னால் இரண்டு அறைகளில் குடித்தனம் நடத்துகிறோம். பக்கத்துத் தோட்டத்து லயத்திலோ ஒரு காம்பரா வழமையாகப் பத்துக்குப் பன்னிரண்டு அடிதான். அங்கேயும் இஸ்தோப்பில் மெஷின் வைத்துத் தைக்கும் சகோதரிகள் இருக்கிறார்கள். எனவே அறையைப் பற்றி நான் பேசவில்லை. நான்கு முழ அகலத்தில் ஒரு சுவரை மட்டும் கேளுங்கள். தரையில் இடம் இல்லாவிட்டாலும் சுவரில் இடம் இருக்கும்.

யன்னலுக்கு அருகே உள்ள சுவரைத் தெரிவு செய்யுங்கள். மெஷினில் அமரும்போது வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்தால், வலது கையால் வேலை செய்பவருக்குக் கையின் நிழல் தையலில் விழாது. முதல் வேலையாக அந்தச் சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். இருண்ட அறையில் வெள்ளைச் சுவர் இருக்கிற வெளிச்சத்தைத் திருப்பித் தரும். இனி, கையாலேயே செய்யக்கூடிய சில சாமான்கள்.

நூற்கட்டைப் பலகை

18 அங்குல நீளமும் 12 அங்குல உயரமும் உள்ள ஒரு பலகை போதும். எல்லா ஓரத்திலும் 2 அங்குலம் விட்டு, 2 அங்குலத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள். வரிசைக்கு 8 வீதம் 5 வரிசை வரும். சிறிய தலையுள்ள இரண்டரை அங்குல ஆணிகளைச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்து அறையுங்கள். 40 நூற்கட்டைகள் கண்ணுக்கு முன்னே நிற்கும். அதே நிறத்து பொபினை முதலில் கோர்த்து, அதன்மேல் நூற்கட்டையைக் கோர்த்தால் இரண்டையும் தனித்தனியே தேட வேண்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் பகுதியில் ரப்பர் பலகை மலிவாகக் கிடைக்கிறது என்று அதை எடுத்துவிடாதீர்கள். மருந்தூட்டாத ரப்பர் மரத்தைப் பூச்சியும் பூஞ்சணமும் விரைவில் பிடிக்கும். பலா மரத்துண்டோ, பழைய கதவொன்றின் துண்டோ சிறந்தது. பலகையைச் சுவரோடு ஒட்டி அறையாமல், பின்னால் அரை அங்குலச் சட்டம் இரண்டு வைத்து அறையுங்கள். காற்றுப் போனால் ஈரலிப்புத் தங்காது. நேர் வெயில் படும் இடத்திலும் மாட்ட வேண்டாம். நூலின் நிறமும் போகும், உறுதியும் போகும்.

மூடியில் தொங்கும் போத்தல்

பொத்தான், கொக்கி, ஊக்கு ஆகியவற்றுக்கு ஜாம் போத்தல்கள் ஏற்றவை. இறாக்கைப் பலகையின் அடிப்பக்கத்தில் மூடியைக் கவிழ்த்து வைத்து இரண்டு திருகாணி போடுங்கள். ஒரு திருகாணி மட்டும் போட்டால் போத்தலைத் திருகும்போது மூடியும் சேர்ந்து சுற்றும். பிறகு போத்தலைக் கீழிருந்து திருகி மாட்ட வேண்டியதுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். தவழும் குழந்தையின் கைக்கும் எட்டாது. சிறு பொத்தான் ஒன்று குழந்தையின் தொண்டையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அன்றைய வேலைக்கு வேண்டிய பொத்தான்களை மட்டும் ஒரு சிரட்டையில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். ரப்பர் மரத்தில் பால் ஏந்தும் சிரட்டையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நல்ல முற்றிய சிரட்டையைக் கண்ணாடித் துண்டால் பக்குவமாகச் சுரண்டி, அரத்தாளால் தேய்த்து, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் கறுத்துப் பளபளக்கும். கவிழாமல் இருக்க அடியில் ஒரு போத்தல் மூடியை ஒட்டிவிடுங்கள்.

ஊசிக்கு ஒரு வீடு

இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. கேகாலைப் பக்கமும் காய்ந்த ஊர் அல்ல. நம் ஊசிகள் கறள் பிடிப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். கறள் பிடித்த ஊசி துணியில் கறையை விடும். பிறருடைய துணி என்றால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். இலவம்பஞ்சை இறுக்கி அடைத்துச் சிறிய ஊசித் தலையணை ஒன்று தைத்து, மூடியுள்ள டின்னுக்குள் வையுங்கள். டின்னின் அடியில், வறுத்து ஆறவைத்த அரிசியை ஒரு சிறு துணிப்பையில் கட்டிப் போட்டால் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். மாதம் ஒருமுறை அரிசியை மாற்றுங்கள்.

தலையணையில் எத்தனை ஊசி என்று டின்னின் மூடியில் எழுதி வையுங்கள். பத்து என்றால், வேலை முடிந்ததும் எண்ணிப் பத்தைப் பார்த்த பிறகே மூடுங்கள். பிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டில் தொலைந்த ஊசியைக் காலால் கண்டுபிடிக்கக் கூடாது!

அமானத் பைகள்

இதுவே இந்தச் சுவரின் முக்கியமான பகுதி. தைக்கத் தந்த துணி நம் கையில் உள்ள அமானத். யாருடைய துணி எது என்று கலந்து போவதும், ஒருவருடைய லைனிங் இன்னொருவருடைய சட்டைக்குப் போவதும், இடம் இல்லாததால் வருகின்ற வினைகள்.

கோதுமை மா வந்த தடித்த துணிப்பையோ, பழைய திரைச்சீலையோ எடுங்கள். 36 அங்குல உயரம், 27 அங்குல அகலத்தில் ஒரு துண்டு வெட்டி ஓரம் மடித்துத் தையுங்கள். 36 அங்குல நீளமும் 9 அங்குல உயரமும் உள்ள மூன்று பட்டிகள் வேண்டும். ஒவ்வொரு பட்டியின் மேலோரத்தையும் மடித்துத் தைத்து, சின்னச் சுருக்கம் வைத்து மூன்றாகப் பிரித்துப் பெரிய துண்டின் மேல் வரிசையாகத் தைத்தால், ஒன்பது பைகள் கிடைக்கும். மேலே ஒரு மூங்கில் கம்பைக் கோர்த்துச் சுவரில் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு பையிலும் ஒருவருடைய துணி, அவருடைய அளவு எழுதிய சீட்டு, தவணைத் திகதி.

வெட்டி மிஞ்சிய துணி? அதையும் அதே பையில் போடுங்கள். மீதித் துணி துணி தந்தவருக்கே சொந்தம். முழத் துணியானாலும் சாண் துணியானாலும் சட்டம் ஒன்றுதான். "ராத்தா, மிச்சத்துண்டை நான் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலானோர் சிரித்துக்கொண்டே தந்துவிடுவார்கள். கேட்காமல் எடுத்த துண்டில் தைத்த திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த அழகு நமக்கு வேண்டாம். கேட்டு வாங்குபவரிடம் ஊர் நம்பித் துணி கொடுக்கும் என்பது இதில் கிடைக்கும் இன்னொரு இலாபம்.

ஒட்டுத்துணியின் நிறங்கள்

அப்படி ஹலாலாக உங்கள் கைக்கு வந்த துண்டுகளை வைத்து அந்த மூலையை நிறமாக்கலாம். கிராமங்களுக்கு ஆடைத் தொழிற்சாலைகளைக் கொண்டுவந்த 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் 1992இல் தொடங்கியது. தொழிற்சாலைகளில் கழியும் வெட்டுத்துணியை நிறுத்து வாங்கிக் கால்மிதி செய்து விற்ற பெண்கள் பலர். அதே முறையில் 4 அங்குலச் சதுரங்களாக வெட்டி இணைத்து, மெஷினுக்கு ஒரு மூடுதுணி தையுங்கள். தூசியும் ஈரமும் படாது; கறுப்பு மெஷினின் மேல் ஒரு பூந்தோட்டம் விரித்தது போலவும் இருக்கும். அடர் நிறத்துக்குப் பக்கத்தில் வெளிர் நிறம் என்று மாற்றி மாற்றி வைப்பதே இதன் இரகசியம். துண்டுகளை அடுக்கும் வேலையைப் பெண் பிள்ளைகளிடம் மட்டும் கொடுக்காமல் ஆண் பிள்ளைகளிடமும் கொடுங்கள்.

பேப்பர் கட்டிங்குகளை மடித்து வைத்தால் மடிப்பில் கிழியும். துணிச்சுருள் தீர்ந்ததும் துணிக்கடைக்காரர் எறிகின்ற அட்டைக் குழலைக் கேட்டு வாங்கி, அதில் சுருட்டி, வெளியே பெயர் எழுதி வையுங்கள். குழல்களை நிறுத்தி வைக்க ஒரு பிரம்புக் கூடை போதும். கண்டி வீதியில் வேவல்தெனியவைக் கடக்கும்போது வாங்கிக்கொள்ளலாம். தேயிலையைக் காகிதச் சாக்கில் கட்டத் தொடங்குவதற்கு முன் வந்த பழைய பலகைப் பெட்டி வீட்டில் கிடந்தால் அதுவும் உதவும். அதன் தகர ஓரத்தைத் தட்டி மழுக்கித் துணியால் சுற்றிவிடுங்கள்.

தண்ணீர் வந்தால்?

2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் களு கங்கை பெருகி இரத்தினபுரியை மூழ்கடித்ததை யாரும் மறக்கவில்லை. 2016 மே 17இல் அரநாயக்க சாமசர மலை சரிந்ததையும் மறக்க முடியாது. எனவே அமானத் பைகள் தொங்கும் கம்பை ஆணியில் கட்டி வைக்காமல், இரண்டு கொக்கிகளில் வெறுமனே மாட்டி வையுங்கள். ஆற்று நீர் ஏறுகிறது என்றால் அப்படியே கழற்றிச் சுருட்டிக்கொண்டு கிளம்பலாம். கணக்குக் கொப்பியும் அதில் ஒரு பையிலேயே இருக்கட்டும். மிதி மெஷினின் தலையைக் கீலில் உள்ள இரண்டு திருகாணிகளைத் தளர்த்தித் தனியே எடுக்க முடியும் என்பதை வீட்டிலுள்ள இன்னொருவரும் பழகியிருப்பது நல்லது. ஆனால் மலைச்சரிவு எச்சரிக்கை வந்தால் மெஷினையும் துணியையும் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். உயிர்தான் முதல் அமானத்.

அந்தக் கணக்குக் கொப்பியைப் பற்றி வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பெண் உழைத்துச் சம்பாதித்தது அவளுடைய சொத்து. அவள் விரும்பிக் குடும்பத்துக்குக் கொடுத்தால் அது அவளுடைய தருமம். நாம் உரிமையோடு கேட்டு வாங்கக் கூடியது அல்ல. வீட்டுச் செலவு நம் பொறுப்பு. ஆகவே சகோதரரே, சுத்தியலை எடுத்து அந்த 40 ஆணியையும் நீங்களே அறைந்து கொடுங்கள். சுண்ணாம்பும் நீங்களே அடியுங்கள்.

சகோதரிகளே, எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். இந்த வாரம் பலகை, அடுத்த வாரம் பைகள் என்று ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். அடுத்த முறை பாடசாலைப் படிவத்தில் தொழில் என்ற இடம் வந்தால், "தையல்" என்று தயங்காமல் எழுதச் சொல்லுங்கள்.