மருந்து செல்லும் வழி

நோயை விளைக்கும் பொருளே அந்நோய்க்கு மருந்துமாவது விந்தையே. கோடைதோறும் தம்மை வருத்திய தும்மலுக்கும் கண்ணெரிச்சலுக்கும் புல்லின் மகரந்தமே காரணமென்பதை, மான்செஸ்டர் வைத்தியராகிய சார்லஸ் பிளாக்லி தம் உடம்பிலேயே சோதித்து 1873இல் வெளியிட்டார். இலண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையைச் சார்ந்த லெனார்டு நூன், அம்மகரந்தச் சாற்றையே சிறிது சிறிதாய்க் கூட்டி ஊசியாற் செலுத்தி, உடம்பு அதனைப் பொறுக்கப் பழகுமென்று 1911இல் எழுதினார்.

இம்முறையின் பயன் பெரிது; இடரும் சிறிதன்று. ஊசியிட்டபின் மூச்சுத் தடைப்பட்டு உயிர்துறந்தாரும் உளர். 1957 முதல் 26 பேர் இவ்வாறு மாண்டனரென்று பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1986இல் அறிவித்தது. குணம் நாடி வந்தோர்க்கு இக்கதி நேரலாமோ? ஆதலின், மருந்தை ஆராய்வதோடு அது செல்லும் வழியையும் ஆராய்தல் நம் கடமையென்பது என் துணிபு.

வாய், மூக்கு, குடல் ஆகியவற்றின் சளிச்சவ்வு அயற்பொருள்களை நாடோறும் எதிர்கொண்டு, உணவோடு பகையாமல் வாழப் பழகியது. நாவின்கீழ் வைக்கும் மகரந்த மாத்திரைகள் இவ்வழியே செல்வன. ஆயினும் அவற்றை ஆண்டுக்கணக்கில் உட்கொள்ளல் வேண்டும். மருந்தின் ஒரு பகுதியை உமிழ்நீர் அடித்துச் செல்லும்.

இக்குறையை நீக்கவே, இறால் நண்டுகளின் ஓட்டினின்று பெறும் கைட்டோசான், கடற்பாசியினின்று பெறும் ஆல்ஜினேட் முதலியவற்றால் நுண்துகள் செய்து, ஒவ்வாப் புரதத்தை அதனுட் பொதிகின்றனர். கைட்டோசான் நேர்மின்னேற்றமும் சளி எதிர்மின்னேற்றமும் உடையன. ஆதலின் துகள் சவ்விலே ஒட்டி நெடுநேரம் நிற்கும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சியாளர், நிலக்கடலைப் புரதத்தின் மரபணுவை இத்தகைய மிக நுண்ணிய துகளிற் பொதிந்து எலிகளுக்கு வாய்வழி ஊட்டியபோது, ஒவ்வாமையின் கடுமை குறைந்ததென்று 1999இல் வெளியிட்டனர்.

இவை இயற்கைப் பொருள்களாதலின் தீங்கில்லை என்பாருமுளர். மகரந்தமும் நிலக்கடலையும் இயற்கைப் பொருள்களல்லவோ? மேலும், கைட்டோசான் தடுப்பு மருந்தின் வேகத்தைத் தூண்டவும் வல்லது. அடக்க வந்தது கிளறிவிடவுங் கூடும். எலிக்கு உதவியது மனிதனுக்கும் உதவுமென்று விரைந்து முடிவு செய்தல் அறிவுடைமையாகாது. அஞ்சி முயற்சியைக் கைவிடுதலும் தகாது.

நூன் 1913இல் இளமையிலேயே காலமானார். அவர் தொடங்கிய பணியை அவர்தம் நண்பர் ஜான் ஃப்ரீமன் தொடர்ந்து நடத்தினார். ஒருவர் விதைப்பதை மற்றொருவர் அறுப்பதே விஞ்ஞானத்தின் இயல்பு. மாணவ நண்பர்காள், பொறுமையோடு ஆராய்வதும் பிறருயிர்க்கு இரங்குதலின் ஒரு வகையேயென்று உணர்வோமாக.