தையல் மெஷினைக் கொடுத்தீர்கள், தைக்கக் கற்றுக்கொடுத்தீர்களா?



கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபமும் வரும். கடைசி வரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

நோன்பு காலம் வந்தால் நமது பக்கத்தில் ஒரு படம் தவறாமல் முகநூலில் வரும். மேடை, பின்னால் பெனர், நடுவில் புத்தம் புதிய தையல் மெஷின். சுற்றிவரப் பிரமுகர்கள். ஓரத்தில் முகத்தைத் தாழ்த்திக்கொண்டு ஒரு விதவைத் தாய். கீழே "வாழ்வாதார உதவி" என்று தலைப்பு. நாமும் "மாஷா அல்லாஹ்" போட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவோம்.

ஒரு வருடம் கழித்து அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? மெஷின் மூலையில் துணி போர்த்தி நிற்கும். அல்லது அதன் பலகையில் ரைஸ் குக்கர் இருக்கும். அல்லது கடனுக்கு விற்றாகிவிட்டது. உடனே நாம் என்ன சொல்வோம்? "குடுத்தாலும் செய்யமாட்டாங்க, சோம்பேறிகள்."

அந்தப் பெண்ணைக் குறை சொல்லுமுன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அவவுக்குத் தைக்கத் தெரியுமா என்று யாராவது கேட்டீர்களா? பெண் என்றால் தைக்கத் தெரியும் என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். ஓட்டத் தெரியாதவனுக்கு ஓட்டோ வாங்கிக் கொடுத்து "பிழைத்துக்கொள்" என்று யாரும் சொல்வதில்லை. மெஷின் விசயத்தில் மட்டும் ஏன் இந்த அலட்சியம்?

தையல் வானத்திலிருந்து இறங்குகிற வித்தை அல்ல. கற்றுக்கொடுத்தால் யாருக்கும் வரும். எளிதிலிருந்து கடினத்துக்குப் போ என்று கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். இங்கேயும் அதே பாடம்தான்.

முதல் நாள் நூலே வேண்டாம். கோடு போட்ட கொப்பித் தாளை ஊசியின் கீழ் வைத்து, கோட்டின் மேல் வெறும் ஊசியை ஓட்டச் சொல்லுங்கள். துளைகள் கோட்டை விட்டு விலகாமல் வந்தால் காலும் கையும் ஒத்துழைக்கத் தொடங்கிவிட்டன. துணியை இழுக்கக் கூடாது, கீழே இருக்கும் பற்கள் அதைத் தானாகவே நகர்த்தும் என்பதும் அன்றே விளங்கிவிடும்.

அடுத்த நாள் பொபின் சுற்றவும் நூல் கோர்க்கவும் பழகலாம். துணியை அழுத்தும் பாதத்தை உயர்த்தி வைத்துக்கொண்டுதான் மேல் நூலைக் கோர்க்க வேண்டும். இல்லாவிட்டால் நூல் டென்ஷன் தட்டுகளுக்கு இடையில் சரியாக உட்காராது. துணியின் அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகக் குவிந்தால் புதியவர்கள் பொபினைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் பிழை மேல் நூலில் இருக்கும். இந்த ஒரு விசயம் தெரியாமலேயே "மெஷின் பழுது" என்று மூடி வைத்த வீடுகள் உண்டு.

பிறகு ஒரு தலையணை உறை. 18 அங்குல அகலம், 27 அங்குல நீளமுள்ள தலையணைக்கு 19 அங்குல அகலமும் 62 அங்குல நீளமும் உள்ள ஒரே துண்டு போதும். பழைய பெட்ஷீட்டிலேயே வெட்டலாம். இரண்டு குறுகிய ஓரங்களையும் அரை அங்குலமாக இரண்டு முறை மடித்துத் தைக்க வேண்டும். துணியின் நல்ல பக்கம் மேலே தெரிய விரித்து, ஒரு முனையிலிருந்து 27 அங்குலத்தை மடிக்க வேண்டும். மறுமுனையில் மிஞ்சும் 6 அங்குலத்தை அதன் மேல் மடித்து, பக்கங்கள் இரண்டையும் அரை அங்குலம் உள்ளே தள்ளித் தைத்துப் புரட்டினால் உறை தயார். பட்டன் இல்லை, சிப் இல்லை, வளைவு இல்லை. நாலே நாலு நேர்த் தையல். தன் கையால் தைத்த ஒரு பொருள் அன்றிரவே தலைக்குக் கீழ் இருந்தால், அந்தப் பெண் அடுத்த நாள் மெஷினைத் தானாகத் திறப்பாள்.

"யூடியூபில் எல்லாம் இருக்குதே, ஏன் வகுப்பு?" என்பார்கள். யூடியூப் தைத்துக் காட்டும். உங்கள் நூல் எங்கே பிழைத்தது என்று பார்க்காது. இலாபத்துக்கு விற்றவனுக்கே இது தெரிந்திருந்தது. 1850களில் அமெரிக்காவில் சிங்கர் கம்பெனி கடைகளில் பெண்களை அமர்த்தி, தைத்துக் காட்டித்தான் மெஷின் விற்றது. நமது நாட்டுக்கு அந்தக் கம்பெனி 1877இல் வந்தது. வியாபாரிக்குப் புரிந்தது தர்மம் செய்கிற நமக்குப் புரியவில்லையே!

மார்க்கத்திலும் முன்மாதிரி இருக்கிறது. உதவி கேட்டு வந்த அன்சாரித் தோழரின் சம்பவம் அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. நபி ஸல்லல்லாஹு அலைஹிவஸல்லம் அவர்கள் அவரது வீட்டுப் பொருட்களை இரண்டு திர்ஹத்துக்கு விற்றுக் கொடுத்து, ஒன்றில் உணவும் மற்றதில் கோடரியும் வாங்கச் சொன்னார்கள். கோடரிக்குத் தம் கையாலேயே பிடி போட்டுக் கொடுத்தார்கள். விறகு வெட்டி விற்கச் சொல்லி, 15 நாட்களின் பின் வரச் சொன்னார்கள். நாம் கோடரியை மட்டும் எடுத்துக்கொண்டோம். பிடியையும் அந்த 15 நாளையும் விட்டுவிட்டோம்.

"ஒன்றும் கொடுக்காதவனை விட இது நல்லதுதானே" என்பவர்களுக்கு: கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. ஸகாத் என்பது ஏழையின் உரிமை. அது அவளுக்குப் பயன்படவில்லை என்றால் யார் பொறுப்பு?

ஆகவே ஸகாத் குழுக்களிடமும், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் சகோதரர்களிடமும், பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் கேட்பது இதுதான்:

1. முதலில் வகுப்பு, பிறகு மெஷின். தலையணை உறையையும் ஒரு பாவாடையையும் தைத்து முடித்தவருக்கே மெஷின்.

2. வீட்டில் இருந்து தைக்கும் அனுபவமுள்ள ராத்தாமார் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களைக் கூலி கொடுத்து ஆசிரியர்களாக்குங்கள். இலவசமாகக் கேட்காதீர்கள்.

3. மேடைக்கும் பெனருக்கும் செலவழிக்கும் காசு அந்தக் கூலிக்குப் போகட்டும். அந்தத் தாயின் முகத்தைப் படம் பிடிக்க வேண்டாம்.

4. 15 நாட்களில் ஒரு தடவை யாராவது போய்ப் பாருங்கள். ஊசி உடைந்திருக்கலாம், பெல்ட் தளர்ந்திருக்கலாம். சிறிய செலவு, ஆனால் அத்தோடு தையல் நின்றுவிடும்.

5. பொடியன்களையும் வகுப்பில் உட்காரவையுங்கள். கடைத்தெருவில் தைப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தானே. நபியவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டதாக ஆயிஷா நாயகி சொல்லியிருக்கிறார்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அரசாங்கம் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணியை இலவசமாகத் தருகிறது. தையற்கூலிக்குக் காசு இல்லாமல் அந்தத் துணியை வைத்துக்கொண்டு நிற்கும் உம்மாமார் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் பத்துப் பேருக்கு நேர்த் தையல் தெரிந்தால் முதலில் மிச்சமாவது அவர்களது சொந்தக் காசு. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பர்தாவைத் தைத்துக் கொடுத்தால் வருவது சம்பாத்தியம்.

அடுத்த நோன்புக்கு இன்னும் நாள் இருக்கிறது. உங்கள் மஹல்லாவில் போன முறை கொடுத்த மெஷின்கள் எத்தனை, இன்று ஓடுபவை எத்தனை என்று இந்த வாரமே எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கையைக் கீழே எழுதுங்கள். பெயர்கள் வேண்டாம்.