பத்தாமவன் எங்கே?

பிறர் சொல்லக் கேட்டறிவது பரோட்சம். இடையீடின்றித் தானே அறிவது அபரோட்சம். வேதாந்த நூலார் இவ்விரண்டையும் விளக்க எடுத்தாளுவது பத்தாமவன் கதை. தாண்டவராய சுவாமிகளின் கைவல்லிய நவநீதத்திலும் அஃது உண்டு.

ஆறு கடந்த பதின்மருள் ஒருவன் தன்னை விட்டு எண்ணினான். ஒருவன் மாண்டான் என அழுதான். வழிப்போக்கன், "பத்தாமவன் உளன்" என்றான். இல்லையென்னும் மயக்கம் அகன்றது. "அவன் நீயே" என்று காட்டியபோதே துயரம் தீர்ந்தது. முன்னது பரோட்சம், பின்னது அபரோட்சம்.

இக்கதை கேட்டு மாணாக்கர் நகைப்பது வழக்கம். சில ஆண்டுகளின் முன் கிளிநொச்சியில் ஒரு வகுப்பில் எவரும் நகைத்திலர். மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, எங்கள் வீட்டில் எப்படி எண்ணினாலும் மாமா குறைகிறாரே" என்றாள். விடை கூற இயலாது நின்றேன்.

2009 இல் போர் ஓய்ந்தது. 2017 இல் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு வீதியோரங்களில் தாய்மார் அமர்ந்து கேட்டதும் அம்மாணவியின் வினாவே. 2016 ஆம் ஆண்டுச் சட்டமோ, ஆள் காணப்படவில்லை எனச் சான்று தருகின்றது. காணி, உதவிப்பணக் கருமங்களுக்கு அத்தாள் பயன்படலாம். ஆயின் வழிப்போக்கனாவது "உளன்" என்றான். தாளோ உளன் என்றும் சொல்லாது, இலன் என்றும் சொல்லாது. அது பரோட்சமும் ஆகாது.

அபரோட்சத்தின் பின்னரே துயர்நீக்கம் என்பது நூல் வைத்த முறை. அறியத்தராமலே "மறந்துவிடுங்கள்" என்போர் அம்முறையைத் தலைகீழாக்குகின்றனர். கொண்டுசென்றோர் சொல்லட்டும், அறிந்தோர் இடத்தைக் காட்டட்டும். ஆறுதல் மொழி அதன் பின்னர் ஆகுக.